ஆரஞ்சுத் தோல் மக்கிவிடும் என்று இனிச் சொல்லாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. சிங்கப்பூரில், முன்பு ரயில் தடம் இருந்த இடத்தில் அமைந்த ரயில் காரிடார் நடைபாதையில், பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்திருப்போம். ஏழு வயதுப் பையன் ஒருவனின் முன்கையில் என் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் மூன்று கீறல்கள். ஒன்றில் மட்டும் இரத்தம் முத்து முத்தாக நின்றது. அவன் அழவில்லை, அம்மாதான் அழுதார். அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் குரங்குகளையெல்லாம் ஏன் இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கால் மணி நேரம் முன்னால், அதே மரத்தடியில், எங்கள் குழுவில் வந்த பெரியவர் ஒருவர் நான்கு மாண்டரின் ஆரஞ்சுகளை உரித்துச் சுற்றியிருந்தவர்களுக்குச் சுளை சுளையாகக் கொடுத்தார். தோலைப் புதருக்குள் வீசினார். மீதிப் பழங்கள் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் பையைப் பையனிடம் கொடுத்துத் தூக்கி வரச் சொன்னார். நான் ஓடிப்போய்த் தோலைப் பொறுக்கும்போது, "விடும்மா, பழத்தோல்தானே, மக்கிவிடும், மண்ணுக்கு உரம்" என்றார். நல்ல மனிதர். பிள்ளைகளுக்குப் பழம் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பதினான்கு ஆண்டுகளாக நான் நடைக்குழுக்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். "மக்கிவிடும்" என்ற சொல்லை வாழைப்பழத்துக்கு, வாழையிலைக்கு, தேங்காய் மூடிக்கு, கோழி எலும்புக்கு, டிஷ்யூவுக்குக்கூடக் கேட்டிருக்கிறேன். சீனப் புத்தாண்டு முடிந்த மாதம்தான் மோசம். வீட்டுக்கு வீடு மாண்டரின் ஆரஞ்சு பெட்டி பெட்டியாக மிஞ்சியிருக்கும், நடைக்குப் புறப்படுகிறவர்கள் ஆளுக்கு ஆறேழு எடுத்து வருவார்கள். அந்த மாதத்தில் பாதையோரம் எங்கே மக்கள் உட்கார்ந்தார்கள் என்பதைத் தோலின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

தோல் மக்கும். நான் மறுக்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் குளிர்நாடுகளைவிட வேகமாகவே மக்கும். ஆனால் மக்குவதற்கு முன்னால் அதைத் தேடி யார் வருகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுந்து போன பத்தாவது நிமிடம் நீள்வால் குரங்கு ஒன்று மரத்திலிருந்து இறங்கும். தோலை எடுத்து முகர்ந்து பார்க்கும். உட்புறத்து வெள்ளைப் பகுதியை முன்பற்களால் சுரண்டித் தின்னும். மஞ்சள் பக்கத்தைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுக்கும். அதன் வயிற்றைப் பிடித்துத் தொங்கும் குட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் இனிப்பு கிடைக்கும் என்று அந்தக் குட்டிக்கு அன்றே தெரிந்துவிடுகிறது. அடுத்த பாடம் பிளாஸ்டிக் பையின் சலசலப்பு. இரண்டு மூன்று முறை அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உணவு வந்தால் போதும், அதன் பிறகு பைக்குள் என்ன இருக்கிறது என்று குரங்கு பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் வரும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் கையில் இருந்தது அப்படிப்பட்ட பைதான். குரங்கு பையனைத் தாக்க வரவில்லை. பையை இழுத்தது, அவன் விடவில்லை, நகம் பட்டது.

"உரம்" என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொட்டிச் செடிக்கு உரம் போடும்போது தோலை வீசியா எறிகிறீர்கள்? நறுக்கி, மண்ணோடு கலந்து, மூடி வைத்து, ஈரம் பார்த்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால்தான் அது உரம். தூக்கி எறிவது உரமிடுதல் ஆகாது. காட்டுக்கு உங்கள் உரம் தேவையும் இல்லை. நாள்தோறும் விழும் இலையும் பட்டையும் அத்திப் பழமும் அதற்குப் போதும். குரங்கு காட்டுப் பழத்தைத் தின்று வேறிடத்தில் விதையைப் போடுவதால்தான் அங்கே புதுக் கன்று முளைக்கிறது. நடைபாதையோரம் தோலுக்குக் காத்துக்கொண்டிருக்கும் குரங்கு அந்த வேலையைச் செய்வதில்லை.

ஒரு தோல்தானே என்பதும் அதே வகைப் பேச்சுதான். நிழலும் பலகையும் உள்ள மரத்தடி அந்தப் பாதையில் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் ஐம்பது பேர் அங்கேதான் உட்கார்ந்தார்கள், உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்காருவார்கள். எல்லோருடைய ஒரு தோலும் அதே புதருக்குள்தான் விழுகிறது. இரவில் எலி வரும். காட்டுப்பன்றி வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் புண்ணோடு நடப்பவர்களுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி, அந்த அப்பா கேட்ட கேள்வி. விட்டு வைக்க மாட்டார்கள் என்பதுதான் பதில். ஆளைக் கீறிய, பையைப் பறித்த குரங்கைப் பற்றிப் புகார்கள் சேர்ந்தால் கூண்டு வைப்பார்கள். பிடிபட்ட குரங்கு பெரும்பாலும் காட்டுக்குத் திரும்பாது. பழைய அப்பர் தாம்சன் சாலையில் காருக்குள் இருந்தபடியே ரொட்டியும் பழமும் வீசிப் பழக்கினார்கள். காரைக் கண்டால் சாலைக்கு ஓடிவரக் குரங்குகள் கற்றுக்கொண்டன. ஓடிவருவதைக் கற்றுக்கொண்ட விலங்கு சக்கரத்தில் விழுகிறது. பழம் வீசியவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்.

சட்டமும் இருக்கிறது. காட்டு விலங்குக்கு உணவளித்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். 2020 ஜூன் மாதத்திலிருந்து இதுதான் நடப்பு. பொது இடத்தில் குப்பை போட்டு நீதிமன்றம் வரை போனால் முதல் முறைக்கே 2,000 வெள்ளி வரை ஆகலாம். பழத்தோலுக்குத் தனிச் சலுகை எதுவும் சட்டத்தில் இல்லை. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. 1968-இல் தூய்மை இயக்கம் தொடங்கி மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. பஸ்ஸிலோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ மிட்டாய்த் தாளைப் போட நமக்குக் கை கூசுகிறது. சிமெண்டுத் தரை முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் அந்தக் கூச்சம் ஏன் நின்றுவிடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வாழையிலைக்கும் இதே வழக்குதான். இலை மக்கும், இலையில் ஒட்டிய சோறும் குழம்பும் எறும்பையும் எலியையும் அழைக்கும். ரம்புத்தான் கொட்டை முளைக்கும், பப்பாளி விதை முளைக்கும். காட்டில் அவை முளைக்க வேண்டிய தேவை இல்லை. நம்மில் பலர் இன்னொன்றையும் தாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் கடையில் புரோட்டாவும் பிரியாணியும் கட்டித் தரும் பழுப்புத் தாள் அது. அதன் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். தாள் நனைந்து கரைந்த பிறகும் அந்தப் படலம் புல்லில் கிடக்கும், எண்ணெய் வாசனையோடு. அதைத் தின்ற உடும்பின் வயிற்றில் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைச் சுற்றிவந்த ரப்பர் வளையத்தையும் கையோடு பைக்குள் போட்டுவிடுங்கள். குவளை, தேநீர் கட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை, போத்தல் மூடி எல்லாவற்றிலும் மழைநீர் தேங்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு நாணயம் அளவு தண்ணீரே போதும், முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டை அதிகாரி வந்து சோதிக்கிறார். காட்டுக்குள் கிடக்கும் குவளையை யார் தேடிப் பார்ப்பது?

அடுத்து எழுதப்போவது பலருக்குக் கூச்சமான விஷயம். எழுதாமல் விட முடியவில்லை.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் பாதையில், பெரிய மரம் ஒன்றின் பின்னால் போய்ப் பார்த்தால் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் உதிர்ந்த பூ என்று நினைப்பார்கள். டிஷ்யூ அது. அவசரத்துக்கு ஒதுங்கியவர்கள் விட்டுப்போனது. "மழையில் கரைந்துவிடும்" என்பார்கள். கரையாது. உணவங்காடியில் முகம் துடைக்கிற டிஷ்யூ நனைந்தாலும் கிழியாதபடி செய்யப்படுவது. மழைக்குப் பிறகு மண்ணோடு ஒட்டிக் கூழாகக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் பிய்ந்து பிய்ந்து வரும். ஈர டிஷ்யூ இன்னும் மோசம். கையில் துணி மாதிரி இருக்கும், பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது, அது மக்கவே மக்காது. போன மாதம் ஒரே மரத்தடியில் இருபத்து மூன்று எடுத்தேன். அதில் மாதவிடாய் நாப்கின்கள் இரண்டு.

மெக்ரிட்சி 1868-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், இந்தத் தீவிலேயே மிகப் பழையது. இன்றும் அதிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீரை நாம் குடிக்கிறோம். சுத்திகரிப்பு நிலையம் தன் வேலையைச் செய்யும், அதில் சந்தேகமில்லை. அதற்காக அதன் கரையில் மலம் கழிக்கலாம் என்று ஆகிவிடாது. தண்ணீருக்கு ஏங்கிய ஊர் இது, இன்றைக்கும் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர்ச் சேகரிப்புப் பகுதி.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சின்ன மண்வெட்டியோடு வருகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, அதில் மலம் கழித்து மூட வேண்டும் என்கிற விதி நல்ல விதிதான். ஆள் நடமாட்டமில்லாத, நாள்கணக்கில் நடக்கிற பெரிய காடுகளுக்காக உண்டானது அது. புக்கிட் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர். அங்கே பாதையிலிருந்து 60 மீட்டர் போனால் பல இடங்களில் அடுத்த பாதைக்கே வந்துவிடுவீர்கள், அல்லது ஓடைக்குள் நிற்பீர்கள். அந்த ஓடைகளில் கல்லுக்கடியில் ஒரு சிறு நண்டு வாழ்கிறது. சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் நண்டு, பெயரிலேயே நம் ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது: ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ். அழியும் விளிம்பில் இருக்கிறது. இங்கே தோண்டாதீர்கள். ஓடையில் கை கழுவாதீர்கள், சோப்பு போத்தலில் "இயற்கையானது" என்று அச்சிட்டிருந்தாலும் கழுவாதீர்கள்.

சிங்கப்பூரில் கழிப்பறை கிடைக்காமல் போவதற்குத் திட்டமிடாததைத் தவிர வேறு காரணம் கிடையாது. 24 கிலோமீட்டர் ரயில் காரிடாராக இருந்தாலும், ஜூரோங் லேக் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் போகும் பாதையாக இருந்தாலும், வழியில் எம்ஆர்டி ரயில் நிலையமோ உணவங்காடியோ பூங்காக் கழிப்பறையோ எங்கெங்கே இருக்கிறது என்று முந்தின இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் இடத்தில் போய்விட்டு வாருங்கள், போகத் தோன்றாவிட்டாலும். நான் குழுவை நிறுத்தி "எல்லோரும் போய் வாருங்கள்" என்று சொல்லும்போது பெரியவர்கள் சிலர் சிறுபிள்ளையிடம் பேசுவது போலப் பேசுகிறேன் என்று முகம் சுளிக்கிறார்கள். சுளித்தாலும் பரவாயில்லை, போய் வாருங்கள்.

அதையும் மீறி அவசரம் வந்தால் டிஷ்யூவும் நாப்கினும் உங்களோடு திரும்ப வர வேண்டும். அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து வெளியே கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள், உள்ளே இருப்பது தெரியாது. அடியில் இரண்டு தேக்கரண்டி காய்ந்த தேயிலைத் தூள் போட்டு வையுங்கள், வாடை வராது. என் பையில் பதினான்கு ஆண்டுகளாக அப்படி ஒன்று இருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் தனியே வந்து கேட்ட பெண்கள் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துப்போன குழு ஒன்றில் நடைக்கு மறுநாள் ஒன்பது பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரே முறுக்கு டப்பாவில் எல்லோரும் கைவிட்டு எடுத்திருந்தார்கள். மருத்துவர் நோரோவைரஸாக இருக்கலாம் என்றார். அந்தக் கிருமிக்கு, புட்டியில் வரும் கிருமிநாசினித் திரவம் போதாது. மண்ணும் எண்ணெயும் ஒட்டிய கைக்கும் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், இருபது விநாடி தேய்க்க வேண்டும். பாதையை விட்டுத் தள்ளி, ஓடையில்லாத இடத்தில், போத்தல் தண்ணீரில் கழுவுங்கள். முறுக்கு டப்பாவைச் சுற்றி அனுப்பாதீர்கள், ஒருவர் கரண்டியால் எடுத்துக் கொடுக்கட்டும்.

"சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார்களே" என்கிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருநாள் காலை ஏழு மணிக்கு, மழை விட்ட நேரம். துப்புரவு செய்யும் தம்பி ஒருவர் புதருக்குள் குனிந்து இடுக்கியால் எதையோ எடுக்க முயன்றுகொண்டிருந்தார். இடுக்கி வழுக்கியது. மூன்றாம் முறையும் வழுக்கியதும் கையுறையோடு கையாலேயே எடுத்தார். குழந்தையின் டயப்பர், மழைநீரில் ஊறி இரண்டு மடங்காகியிருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று அதைப் பைக்குள் மறைத்துவிட்டு, "வணக்கம்க்கா, பார்த்துப் போங்க, வழுக்கும்" என்றார். புதுக்கோட்டைக்காரர். ஊரில் அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறது என்று பிறகு பேசும்போது தெரிந்தது. வேறு ஒருவர் வீட்டுக் குழந்தையின் டயப்பரை நான் பார்த்துவிடக்கூடாதே என்று அவர்தான் கூச்சப்பட்டார்.

காட்டுப் பாதைக்குள் தொட்டி ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். நிரம்பி வழியும் தொட்டி குரங்குக்குப் பந்தி, அதனால்தான். உள்ளே கொண்டு வந்ததை வெளியே கொண்டு போங்கள். வெளியே இருக்கும் தொட்டி நிறைந்திருந்தால் அதன் பக்கத்தில் பையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதுவும் குப்பை போட்டதுதான்.

இங்கே பழகிக்கொண்டு மலேசியாவின் கினபாலு மலைக்கும் நேப்பாளத்துக்கும் போகிறவர்கள் என் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். இங்கே கைக்கு வராத பழக்கம் அங்கே போனதும் வந்துவிடாது. மலையுச்சிக் குளிரில் எதுவும் எளிதில் மக்குவதில்லை, புதைத்தது புதைத்தபடியே இருக்கும். எவரெஸ்ட் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் எட்டு கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014-இல் நேப்பாளம் விதி போட்டது. 2024 முதல் மலத்தையும் பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் முடிகிறது என்றால் ரயில் காரிடாரில் ஒரு டிஷ்யூவைத் தூக்கி வர நம்மால் முடியும்.

அந்தப் பையன் நலம். அன்றே மருத்துவரிடம் காட்டினார்கள். "வெறிநோய் வருமா" என்று அம்மா என்னிடம் மூன்று முறை கேட்டார். சிங்கப்பூரில் 1953 முதல் அந்த நோய் இல்லை, ஆனாலும் எந்தக் கீறலையும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். குரங்கு நெருங்கினால் ஓடாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், சிரித்துப் பல்லைக் காட்டாதீர்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "என்னால்தானேம்மா" என்றார். ஆமாம் என்றுதான் சொன்னேன், ஐயாவிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த நடைக்கும் வருகிறேன் என்றார். வாருங்கள் ஐயா. ஆரஞ்சை வீட்டிலேயே உரித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, முதுகுப்பைக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உரிக்காமல் கொண்டு வந்துவிட்டால் தோலை என்னிடம் கொடுங்கள், என் முதுகுப்பையின் இடது பக்க அறை அதற்காகக் காலியாகத்தான் இருக்கும்.